முக்காலி வீடு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் அலமாரிக்கு மேல் தூக்கிப் போட்டுவிடுவாய் என்று தெரியும். தயவுசெய்து பிரித்துப் படி. (இதை உள்ளே எழுதினால் அவளுக்கு எப்படித் தெரியும் என்று என் மனைவி சிரிக்கிறாள். அவள் சொல்வதும் சரிதான்.)

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஐந்து வருஷமாக மணி அடித்து ஓய்வதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதையும் வீட்டுச் சத்தம் மாதிரி நினைத்துக் கேட்பேன். கூடத்தில் போன், பக்கத்தில் நீ, கையில் துவைத்து மடித்த துணி. எடுக்கமாட்டாய். நானும் வைக்கமாட்டேன்.

இப்போது எழுதுவது எனக்காக அல்ல. சிட்டுவுக்கு ஒன்பது வயது முடியப் போகிறது. அவள் வகுப்பில் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது, அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு யார் முதலில் இந்த நாட்டுக்கு வந்தார்கள் என்று எழுத வேண்டும். பள்ளி ஆண்டு முடிவதற்குள் எல்லார் முன்னாலும் நின்று வாசிக்க வேண்டும். இவள் வகுப்பில் தச்சன், ஆலைக்காரன், இடையன் என்றெல்லாம் பொருள்படும் பெயர்கள் இருக்கின்றனவாம். "முக்காலிங்கற நம்ம பேருக்கு என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டாள்.

நான் சட்டென்று, "உங்க தாத்தா முக்காலி செய்யறவர்" என்று சொல்லிவிட்டேன். மூன்று கால் இருந்தால் மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கும், அதனால் ஊரே அவரிடம்தான் வாங்கும் என்று கதையை நீட்டியும் விட்டேன். இப்போது அவள் தாத்தா எந்த மரத்தில் செய்தார், கடைக்கு என்ன பெயர் என்று குடைகிறாள். அக்கா, நீ ஏதாவது நாலு வரி எழுதி அனுப்பு. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, என் பொய்யோடு ஒத்துப் போனால் போதும்.

உன் தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

பிரித்தேன். உன் மனைவியிடம் சொல்.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில்தான் இன்னமும் இருக்கிறேன். காலையில் குப்பிகளைக் கழுவிக் கவிழ்ப்பதும், பிள்ளைகள் உடைத்ததை எண்ணுவதும், அமிலம் பட்டுப் பொத்தலான புடவையை மடிப்புக்குள் மறைத்துக் கட்டுவதுமாக நாள் போகிறது. போன வாரம் ஒரு பெண் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு என் மேலேயே மயங்கி விழுந்தாள். வேறு விசேஷம் இல்லை.

அப்பா முக்காலி செய்தார் என்று நீ சொன்னதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. பிள்ளைக்குப் பிடித்ததைச் சொல். அவர் வாழ்நாளில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. போர்டு எழுதுகிறவர். அதுகூடவா மறந்து போனது?

ஒன்று மட்டும் கேட்கிறேன். உலகத்தில் வேறு சொல்லே கிடைக்கவில்லையா? தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் அப்பாவின் ஊன்றுகோலைப் பார்த்துக் கிண்டலாக வைத்த பெயர் அது. ரெண்டு காலும் ஒரு கோலும் சேர்த்து மூன்று என்று எண்ணிச் சொன்ன பெயர். அதைக் கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு போய், சர்க்கார் முத்திரை குத்தி, மனைவி பிள்ளை தலையிலும் கட்டியிருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் உறையின் பின்பக்கம் அனுப்புநர் என்று அதை எழுதி எனக்கு அனுப்புகிறாய். தபால்காரர் சத்தமாகப் படித்துவிட்டுக் கொடுக்கிறார்.

அப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு வராதவனுக்கு அவர் பெயரைப் பற்றி என்ன அக்கறை?

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். திட்டு இருந்தாலும் உன் கையெழுத்து. 'ழ'வுக்கு நீ போடுகிற நீண்ட வால் அப்படியே இருக்கிறது.

அந்தப் பெயர் வந்த கதையைக் கேள். இருபது வயதில் கப்பல் பட்டறை வேலைக்கு என்று கிளம்பினேனே, அப்போது விண்ணப்பத்தில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் என் பெயர். இன்னொன்றில் குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைப் போடப் போனேன். ஏஜெண்ட் தடுத்தான். "அப்பா பேரு கீழ தனியா வருது. ரெண்டு எடத்துல ஒரே பேரு இருந்தா திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க வீட்டை ஊர்ல என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டான். பின்னால் வரிசை நின்றது. வாயில் வந்ததைச் சொன்னேன். "முக்காலி வீடு." வேறு எப்படிச் சொல்வது? வீட்டு எண் போட்டு வந்த கடிதம் தொலையும், முக்காலி வீடு என்று போட்டால் நேராக வந்து சேரும். நம் தெருவில் அதுதான் முகவரி.

அவன் 'வீடு' என்பதை விட்டுவிட்டு 'முக்காலி' என்று மட்டும் எழுதிக்கொண்டான். இங்கே இறங்கியதும் அதுதான் நான் என்று ஆகிவிட்டது. பட்டறையில் அந்தப் பெயரை யாராலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை. 'முக்' என்று ஒருத்தன், 'காலி' என்று ஒருத்தன். கல்யாணப் பதிவின்போது அதிகாரி என் மனைவியைப் பார்த்து, "இனிமேல் நீங்கள் திருமதி முக்காலி" என்றார். வெளியே வந்து, "நான் கட்டிக்கிட்டது உன்னையா, ஒரு ஸ்டூலையா?" என்று கேட்டாள். இரண்டு நாள் சிரித்தாள். மூன்றாம் நாள்தான் அப்பாவின் காலைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் சிரிக்கவில்லை.

மாற்றியிருக்கலாம். மனு கொடுத்தால் ஒரு மாதத்தில் மாற்றித் தருவார்கள். மனம் வரவில்லை. அப்பாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது அது ஒன்றுதான்.

நான் ஏன் வரவில்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கிறாய். பட்டறை மூடியபின் பல வருஷம் என் காகிதங்கள் சரியாக இல்லை. அப்பா இறந்த மாதம் என் மனு அதிகாரி மேசையில் இருந்தது. வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள், சிட்டுவுக்கு அப்போது நாலு வயது. அன்றைக்கு விமான நிலையம் வரை போனேன் அக்கா. பையோடு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. 'சாவுக்கு வராதவன் இனி இந்த வீட்டுப் படி ஏற வேண்டாம்.' எட்டு மாதத்தில் காகிதம் கிடைத்துவிட்டது. நீ சொன்னாய் என்றுதான் இத்தனை நாளும் ஏறவில்லை.

ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. அந்தப் பெயருக்காகப் பள்ளிக்கூடத்தில் அடிபட்டவன் நான். நொண்டிக்கொண்டு என் பின்னால் வருவார்கள். நானே அதை விழுங்கிவிட்டேன். உனக்கு ஏன் இன்னும் இவ்வளவு கோபம்?

என் பொய்யும் நிற்கவில்லை. பழைய போட்டோவில் தாத்தா கையில் பிரஷ் இருப்பதைச் சிட்டு பார்த்துவிட்டாள். "முக்காலி செய்யறவர் கையில உளிதானே இருக்கணும்?" என்கிறாள். உன்னைப் போல.

உன் தம்பி


மார்ச் 20

தம்பி,

பெஞ்சில் உட்கார்ந்த விஷயத்தை அன்றைக்கே எழுதியிருக்கலாம்.

ஏன் கோபம் என்று கேட்டாய். ஐந்து தாள் கிழித்துவிட்டேன். இது ஆறாவது. இதையும் கிழிப்பதற்குள் ஒட்டித் தபால்பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

எனக்கு ஒன்பது வயது. உனக்கு ஒன்று. பெரிய தெருவில் பர்னிச்சர் கடை ஒன்று புதிதாகத் திறந்தார்கள். மாடி நெற்றியில் கடையின் பெயரை எழுதும் வேலை அப்பாவுக்கு. அதுவரை அவருக்குக் கிடைத்ததிலேயே பெரிய போர்டு. கூட வருகிற ஆள் அன்றைக்கு வரவில்லை. அம்மா உன்னை வைத்துக்கொண்டு வர முடியாது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "ஏணியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோம்மா. மூணே எழுத்துதான் பாக்கி. எழுதிட்டு எறங்கிடறேன்" என்றார்.

பிடித்தேன். ரொம்ப நேரம் பிடித்தேன். அப்போது கடைக்குச் சரக்கு லாரி வந்தது. பீரோவில் பதிக்கிற கண்ணாடிகள். ஆள் உயரத்துக்கு இருந்த ஒன்றை இறக்கி லாரியில் சாய்த்து வைத்துவிட்டு, மற்றதை எடுக்க ஏறினார்கள். நம் வீட்டில் இருந்தது உள்ளங்கை அளவுக் கண்ணாடி. அதில் நெற்றி தெரிந்தால் வாய் தெரியாது. என் முழு உருவத்தை, தலையிலிருந்து கால் வரைக்கும், நான் அதுவரை பார்த்ததே இல்லை.

பத்து அடி இருக்கும். போனேன். பார்த்தேன்.

அந்தக் கண்ணாடியிலேயே, என் தோளுக்குப் பின்னால், ஏணி மெதுவாகப் பக்கவாட்டில் சரிவதையும் பார்த்தேன். திரும்பத் தோன்றவில்லை. அது கண்ணாடிக்குள் நடக்கிற விஷயம் என்றே ஒரு நொடி நினைத்தேன்.

தொடை எலும்பு. மூன்று மாதம் ஆஸ்பத்திரி. ஒரு கால் குட்டையாகிவிட்டது. பார்க்க வந்த கடைக்காரர், "பொண்ணு பிடிச்சுக்கிட்டு இருந்தாளே, அப்புறம் எப்படி?" என்று கேட்டார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா சொன்னார், "அவ பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. எனக்குத்தான் கால் வழுக்கிடுச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அப்புறம் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மேலே இருந்தவருக்கு நான் விட்டுப் போனது தெரியாமலா இருக்கும்?

அதோடு சரி. முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு அவர் தெருவில் இறங்கிய முதல் நாளே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அம்மா சலவை ஆலைக்குப் போனதும், நீராவியிலேயே நின்று நின்று நாற்பது வயதில் போய்ச் சேர்ந்ததும் அதற்கப்புறம்தான். அந்தப் பெயர் யார் காதில் எப்படி விழுகிறதோ தெரியாது. என் காதில் 'நீ ஏணியை விட்டாய்' என்றுதான் விழும்.

அப்பாவின் சாவுக்கு நீ வந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். மனதுக்குள் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். சொல்ல ஆள் வரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் படி ஏறாதே என்று எழுதினேன்.

பிள்ளையிடம் இதைச் சொல்லாதே. தாத்தா முக்காலியே செய்ததாக இருக்கட்டும்.

அக்கா


மே 2

தம்பி,

ஆறு வாரமாகிறது. கடிதம் கிடைத்திருக்கும்.

நீ கோபப்பட்டால் அது நியாயம். உன் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தவர்களை எல்லாம் உன் பின்னால் அனுப்பி வைத்தவள் நான்தானே. அதற்காகத் திட்டி எழுது. ஆனால் எழுது. போன வாரம் போன் அடித்தபோது ஈரக்கையோடு ஓடிப்போய் எடுத்தேன். யாரோ கேஸ் கம்பெனிக்குப் போட்ட ராங் நம்பர். அவனிடம் இரண்டு நிமிஷம் பேசினேன். வைக்க மனசில்லை.

உனக்குத் தாலாட்டுப் பாடத் தெரியாமல், ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற தனிமங்களின் பட்டியலைச் சொல்லித் தூங்க வைப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா இறந்த வருஷம் அது. உனக்குப் பதினொரு வயது, பெரிய பையன், ஆனாலும் கேட்பாய்.

வேண்டாம் என்றால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

அக்கா


மே 14

அக்கா,

உண்மையைச் சொல்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. அப்பா ஒரு நாளாவது என் சைக்கிளுக்குப் பின்னால் ஓடி வந்ததில்லை. அம்மா பகலில் வீட்டில் இருந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. இதெல்லாம் ஒரு கண்ணாடிக்காகவா என்று தோன்றியது. அந்த மனதோடு உனக்கு எழுதக் கூடாது என்று எழுதாமல் இருந்தேன். இருந்தது தப்பு. மன்னித்துக்கொள்.

போன வாரம் வேலையிடத்தில் ஒரு விஷயம் நடந்தது. இப்போது நான் கட்டட வண்ணப்பூச்சு வேலையில் மேற்பார்வை என்று உனக்குத் தெரியுமோ என்னவோ. ஒரு விளக்கை மாற்றுவதற்காக ஏணி போட்டேன். வழக்கம்போல அடியில் கயிறு போட்டுக் கட்டக் குனிந்தேன். கூட இருந்தவன், "ரெண்டு நிமிஷ வேலை. நான் பிடிச்சுக்கறேன், ஏறுங்க" என்றான். நான் யோசிக்காமல் பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது என் வார்த்தை இல்லை என்று உறைத்தது.

அது அப்பாவின் வார்த்தை. பதினைந்து வயதில் முதல் தடவை என்னை ஏணியில் ஏற்றியபோது கீழே கோலோடு நின்றுகொண்டு சொன்னார்: "பிடிக்க ஆள் இருக்குன்னு கட்டாம ஏறாதடா. ஆளுக்குக் கண்ணு வேற பக்கம் போகும். போகத்தான் செய்யும். கயித்துக்குக் கண்ணு கிடையாது. கட்டாம ஏறுறவன் விழுந்தா, தப்பு ஏறினவன் மேலதான்."

அது தொழில் பாடம் என்று நினைத்திருந்தேன் அக்கா. உன்னைப் பற்றிப் பேசியிருக்கிறார். உன்னிடம் சொல்லத் தெரியாமல் என்னிடம் சொல்லியிருக்கிறார். நானும் அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு இத்தனை தூரம் வந்துவிட்டேன். ஏறாமல் அப்படியே பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து அழுதேன். விளக்கை அவன்தான் மாற்றினான்.

இன்னொரு விஷயம். நீ திட்டினாலும் சரி. சிட்டுவிடம் நான் சொல்லவில்லை, ஆனால் அவளே படித்துவிட்டாள். தமிழ் அவ்வளவு வேகமாக வராது என்று நினைத்து மேஜை டிராயரில் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கத் தரையில் படுத்துக்கொண்டு, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். 'ஆஸ்பத்திரி' வந்ததும் என்னிடம் வந்து கேட்டாள். அப்போதுதான் எனக்கே தெரியும்.

படித்து முடித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள். அழுவாள், இல்லையென்றால் தாத்தாவுக்கு வலித்ததா என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது இதுதான்: "அந்தக் கண்ணாடியில அத்தை எப்படி இருந்தாங்க?"

எனக்குத் தெரியாது, அத்தையைத்தான் கேட்க வேண்டும் என்றேன். கேட்டு எழுதச் சொல்கிறாள்.

கட்டுரையில் நிஜத்தை எழுதலாமா என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். ஜூன் கடைசியில் வாசிக்கிறாள். நீ வேண்டாம் என்றால் போர்டு எழுதுகிறவர், காலில் அடிபட்டது என்பதோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஜூலையில் அவளுக்கு விடுமுறை. மூன்று பேருக்கும் டிக்கெட் எடுக்கட்டுமா? படி ஏற விடுவாயா?

உன் தம்பி


ஜூன் 3

தம்பிக்கும் தம்பி மனைவிக்கும் சிட்டுக்குட்டிக்கும்,

முதலில் பிள்ளைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சத்தமாகப் படித்துக் காட்டு.

சிட்டு, முப்பத்தாறு வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அந்தக் கண்ணாடியை நினைத்தாலே ஏணிதான் தெரியும். நீ கேட்டாய் என்பதற்காக மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. பச்சைப் பாவாடை, ஓரத்தில் அம்மா போட்ட ஒட்டு. ஒரு பின்னலில் ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. முழங்காலில் பெயிண்ட். கால் இரண்டும் நான் நினைத்ததைவிட நீளமாக இருந்தன. நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். அத்தை அப்போது நன்றாகத்தான் இருந்தேன் கண்ணு. அழகாக இருந்தேன்.

கட்டுரையில் நிஜத்தையே எழுது. அத்தை ஏணியை விட்டதையும் எழுது. தாத்தா கயிற்றைப் பற்றிச் சொன்னதையும் மறக்காமல் சேர்த்துக்கொள். உன் அப்பா அந்த வார்த்தைகளோடும் அந்தப் பெயரோடும்தான் அங்கே வந்து இறங்கினான் என்று எழுது. முதலில் வந்தவர் யார் என்று ஆசிரியர் கேட்டிருக்கிறாரே, அதற்கும் அது பதிலாகும்.

தம்பி, அப்பா உன்னிடம் சொன்னதைப் படித்த அன்றைக்கு ஆய்வுக்கூடத்துக்கு லீவு போட்டேன். இத்தனை வருஷத்தில் நோய் என்றுகூட நான் லீவு போட்டதில்லை. நாள் முழுக்க அப்பாவின் அறையில் உட்கார்ந்திருந்தேன். அழுதேனா என்று கேட்காதே. சாயங்காலம் பெரிய தெரு வரை நடந்து போனேன். அந்தப் பக்கம் நான் போவதே இல்லை. கடை இப்போது வேறு ஏதோ கம்பெனி. பழைய போர்டு எடுத்து எத்தனையோ காலமாகிவிட்டது. எதிரில் நின்று மாடி நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தேன். அவ்வளவு உயரம்கூட இல்லை.

டிக்கெட் எடு. படி ஏறாதே என்று எழுதினவள்தான் எழுதுகிறேன், எடு. உள் அறையை உங்களுக்கு ஒழித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று பேர் படுக்கக் கொஞ்சம் நெருக்கடியாக இருக்கும். உன் மனைவிக்குக் கூச்சம் வேண்டாம் என்று சொல், இங்கே நான் ஒருத்திதான்.

விமான நிலையத்துக்கு வந்து நிற்பேன். பதினேழு வருஷம். நீ எப்படி மாறியிருப்பாயோ, எனக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கூட்டத்தில் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் போனால் பதற வேண்டாம். இத்தனை காலமும் என் வாயால் ஒரு தடவைகூடச் சொல்லாத சொல்லை அன்றைக்கு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கூப்பிடப் போகிறேன்.

'முக்காலி!' என்று ஒரு பொம்பளை கத்துவது கேட்டால் மூன்று பேரும் திரும்பிப் பாருங்கள்.

அக்கா